வட்டம்மாவின் ஒரே குடும்பம்

வட்டம்மா என்ற பெயர் முதன்முதலில் பெரியவளின் காதில் விழுந்தது கம்பெனிக் குழாயடியில். நாள் முழுக்க மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிய கையில் ஏறிய வார்னிஷ் வாடை லேசில் போகாது. வைண்டிங் பிரிவுப் பெண்கள் சோப்பைப் போட்டுத் தேய்த்துக்கொண்டே ஊர்க்கதை எல்லாம் பேசித் தீர்க்கிற இடம் அது. பேக்கிங்கில் வேலை பார்த்த குட்டையம்மாதான் அன்றைக்குச் செய்தி கொண்டுவந்தாள். அவளுடைய நாத்தனார் ஒரு சோப்புக் கம்பெனியில் இருந்தாள். அங்கே எச்.ஆர். தலைவியாக இருந்த ஒருத்தி, அடுத்த வாரம் இந்த ஃபேன் கம்பெனிக்கு வரப்போகிறாளாம்.

"தினம் காலைல எல்லாரையும் வட்டமா நிக்க வைப்பாளாம். அவங்கவங்க தனக்கு இடது பக்கம் நிக்கிறவங்களப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொல்லணுமாம். என் நாத்தனாருக்கு இடது பக்கம் நின்னவன் அவ சைக்கிளத் திருடினவன். அவனப் பத்தி என்னத்தச் சொல்லுவா?"

"என்னதான் சொன்னா?"

"நல்லா சைக்கிள் ஓட்டுவான்னு சொல்லிட்டு வந்துட்டா."

குழாயடியே குலுங்கியது. எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தவள் பெரியவள்தான். கண்ணில் தண்ணீர் வர, சோப்புக் கையாலேயே கண்ணைத் துடைத்து எரிச்சல் வேறு வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

"அதனால அங்க அவளுக்குப் பேரே வட்டம்மாதான்" என்று முடித்தாள் குட்டையம்மா.

அடுத்த வாரம் கேட்டுக்குள் கார் வந்து நின்றது. முதலாளியே போய்க் கதவைத் திறந்துவிட்டார். உள்ளேயிருந்து இறங்கியவளைப் பார்த்ததும் பெரியவளுக்கு முகத்தில் ஈயாடவில்லை. கூடப் பிறந்த தங்கச்சி. ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே போர்வையை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு வளர்ந்தவள். இங்கே வரப்போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சின்னவள் எப்படிப்பட்டவள் என்று தெரிய வேண்டுமானால் அவளுடைய தாய்வழியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அம்மாவோடு பிறந்த மாமன்மார் மூன்று பேர். மூத்தவர் பஸ் டெப்போவில் விசில் ஊதுகிறவர். வீட்டுக்கு வந்தாலும் வாயில் விசில் இல்லாத குறையாக, பிள்ளைகள் எந்த வரிசையில் குளிக்க வேண்டும் என்பதுவரை அவர்தான் சொல்லுவார். நடுவுள்ளவர் ஒரு மாதச்சீட்டுச் சங்கம், ஒரு கால்பந்துச் சங்கம், வாடகைக்குக் குடியிருப்போர் சங்கம் என்று மூன்றுக்குத் தலைவராக இருந்தார். மூன்றிலும் உறுப்பினர்களைத் தேடத்தான் வேண்டும். கடைசி மாமன் பேசவே மாட்டார், ஆனால் அவர் பெண்டாட்டி அவருக்கும் சேர்த்துப் பேசுவாள். யார் யாரோடு பேசக்கூடாது என்று முடிவு செய்வதே அந்த அத்தையின் முழுநேர வேலை. இந்த நாலு பேருடைய புத்தியும் ஒன்றுபோல் வந்து இறங்கியது சின்னவளிடம்தான்.

அவளுக்கு ஏழெட்டு வயதிருக்கும்போதே பெரியப்பா பிள்ளைகள், சித்தி பிள்ளைகள் எல்லோரையும் கூட்டி வைத்துப் பட்டம் கொடுப்பாள். ஒருத்தன் ஊஞ்சல் மந்திரி, ஒருத்தி தண்ணீர் மந்திரி. பட்டம் வாங்கியவன் சந்தோஷத்தில் ஊஞ்சலைத் துடைத்துக்கொண்டே இருப்பான், ஆடுகிறவள் அவள். வளர்ந்து, படித்து, கண்ணாடிக் கதவு போட்ட கட்டடங்களில் ஏறி இறங்கி, அவள் கண்டுபிடித்ததும் அதைத்தான். அதற்கு நல்ல சம்பளம் கிடைக்கும் என்பது ஒன்றுதான் புதிது. பெரியவளுக்குப் படிப்பு ஏறவில்லை. அதில் யார்மேலும் குற்றமில்லை. கணக்குப் பாடம் என்றாலே வயிறு வலிக்கிறது என்று படுத்துக்கொள்வாள். விரல் மட்டும் நன்றாக ஓடும்; அதைக்கொண்டு வைண்டிங்குக்கு வந்து சேர்ந்து அங்கேயே நரைத்தும் விட்டாள்.

வந்த அன்றைக்கே சின்னவள் தன் அறைக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள். ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காத. நான் உன் தங்கச்சின்னு இங்க யாருக்கும் தெரிய வேணாம். வேண்டியவங்களுக்குச் சலுகை காட்டுறேன்னு பேச்சு வரும்."

"நான் ஏன்டி சொல்லப் போறேன்? குழாயடில உனக்கு வச்ச பேரக் கேட்டப்புறம் நானே உன் அக்கான்னு சொல்லிக்க மாட்டேன்."

"என்ன பேரு?"

"அத விடு. நல்ல பேருதான்."

உள்ளுக்குள் பெரியவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. தங்கச்சி நாற்காலி சுழல்கிற நாற்காலி. சுவரில் அவள் முதலாளிகளோடு கைகுலுக்குகிற படங்கள். போகட்டும், எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று கீழே இறங்கி வந்து கம்பியைக் கையில் எடுத்தாள்.

பெருமை ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. வட்டம்மா தன் வேலையைத் தொடங்கினாள்.

இனிமேல் இது கம்பெனி இல்லை, ஒரே குடும்பம் என்றாள். குடும்பத்தில் சார் ஏது, மேடம் ஏது? முதலாளி எல்லோருக்கும் பெரியப்பா. அவர் மனைவி பெரியம்மா. மேலாளர், சூப்பர்வைசர் எல்லோரும் அண்ணன், அக்கா. அவர்களுக்குக் கீழே இருக்கிறவர்கள் வயது என்னவானாலும் தம்பி, தங்கச்சி. இப்படித்தான் கூப்பிட வேண்டும். மறந்து 'சார்' என்று சொன்னவர்கள் மறுநாள் வட்டத்தின் நடுவில் நின்று எல்லோரையும் பார்த்துச் சிரிக்க வேண்டும்.

உறவு முறை என்பது என்ன, சட்டையில் குத்துகிற பட்டையா? ஒருத்தரை அண்ணன் என்றால் அவர் பெண்டாட்டி அண்ணி, பிள்ளைகள் மருமக்கள். ஒரு சொல்லை இழுத்தால் பின்னாலேயே ஒரு தெருவே வரும். அந்த யோசனை கொஞ்சமாவது வட்டம்மாவுக்கு இருந்ததா? பெயின்ட் பிரிவில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வேலை பார்த்தார்கள். புருஷன் சூப்பர்வைசர். வட்டம்மா சட்டப்படி அவன் அவளுக்கு அண்ணன் ஆகிவிட்டான்.

"அண்ணே, அந்த நீல டப்பாவ எடுங்க" என்று அவள் கூப்பிடும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவன் கேட்பான், "வீட்லயும் இப்படித்தானா தங்கச்சி?"

"வீட்ல பேச்சுவார்த்தையே இல்ல. நேத்துதான் மாமியா கேட்டுட்டாங்க, என் பையன ஏன்டி அண்ணன்னு கூப்பிட்டேன்னு."

முதலாளியின் டிரைவர் முதலாளியைத் தோளில் தூக்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்ட மனிதர். அவர் இப்போது கார்க்கதவைத் திறந்து, "இறங்குங்க பெரியப்பா" என்று சொல்ல வேண்டும். கணக்கர் ஒருவர், கல்யாணமாகாதவர், ஸ்டோரில் இருந்த பெண்ணிடம் பேச நாலு வருடமாகத் தைரியம் சேர்த்துக்கொண்டிருந்தார். சேர்ந்து முடிகிற நேரத்தில் அவள் வந்து, "அண்ணா, இந்த ரசீதுல கையெழுத்துப் போடுங்க" என்றாள். மனிதர் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவே இல்லை.

இந்தக் கூத்தில் பெரியவள் நிலைமைதான் எல்லாவற்றையும் மிஞ்சியது. அவள் வைண்டிங் தொழிலாளி, வட்டம்மா எச்.ஆர். தலைவி. ஆகவே அக்காள், தன் தங்கச்சியை 'அக்கா' என்று கூப்பிட வேண்டும். தங்கச்சி பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் துணிக்குள் சுருட்டிக் கையில் வாங்கியவள். நடை பழக விரல் கொடுத்தவள். அந்த வாயால் எப்படி வரும்? வந்து, போய், இங்க பாருங்க என்று சமாளித்தாள். வட்டத்தில் முறை வந்தால் இருமினாள். ஒருநாள் இருமல் நீண்டுபோய், கம்பெனி டாக்டரிடம் அனுப்பி மருந்தும் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள்.

குட்டையம்மாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "ஏன்க்கா, உன் மூக்கும் வட்டம்மா மூக்கும் அச்சு அசல் ஒண்ணா இருக்கே. ஒரே குடும்பம்னு அறிவிச்சதும் மூக்கும் ஒட்டிக்கிச்சா?"

"போடி, போய்ப் பெட்டிய ஒட்டு."

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் வைண்டிங்குக்குப் புது இயந்திரம் வந்து இறங்கியது. பத்து பேர் சுற்றுவதை அது ஒன்றே சுற்றும். பிரிவில் பாதிப் பேரை அனுப்பப்போகிறார்கள் என்று பேச்சுக் கிளம்பியது. யார் யார் என்று முடிவு செய்வது வட்டம்மாதான். எல்லோருக்கும் பயம்; பெரியவளுக்கு இரண்டு மடங்கு. அவள் புருஷன் பஸ் மெக்கானிக். முழங்கால் தேய்ந்து வேலையை விட்டாகிவிட்டது. வீடு நடப்பது அவள் விரலில்தான். இந்த வயதில் வெளியே போனால் எந்தக் கம்பெனி உள்ளே விடும்?

குடும்பத்தில் ஆளை வெளியே அனுப்புவதை என்னவென்று சொல்வது? வட்டம்மா அதற்கும் யோசித்து வைத்திருந்தாள். 'சிறகு முளைத்தவர்கள்' என்று பெயர் வைத்தாள். சிறகு முளைத்தவர்களுக்கு ஒரு பூங்கொத்து, ஒரு கைதட்டல், கேட்டு வரைக்கும் ஒரு துணை. இயந்திரம் ஓடத் தொடங்குவதற்கு முன்பே பூவுக்கு ஆர்டர் கொடுத்தாகிவிட்டது.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சின்னவள் அக்காள் வீட்டுக்கு வந்தாள். பையில் ஆரஞ்சுப் பழம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பெரியவளின் புருஷன் தொடங்கிவிட்டார்.

"வாம்மா. எங்களத்தான் பார்க்க வந்தியா, இல்ல வீட்டு நம்பர் மாறிப் போச்சா?"

"என்ன மாமா இப்படிக் கேட்கிறீங்க? நேரமே இல்ல."

"ஆமா, ஊருக்கே அக்காவா இருக்கிறவ. உனக்கு எங்க நேரம்?"

பெரியவள் அவரை முறைத்தாள். தங்கச்சி தானாகத் தேடி வந்திருக்கிறாள், நல்ல வார்த்தை சொல்லத்தான் வந்திருப்பாள் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. சின்னவள் பழத்தை உரித்தாள், சுளையைப் பிரித்து வைத்தாள், பிறகு விஷயத்துக்கு வந்தாள். நகரத்திலேயே சிறந்த பணியிடப் பண்பாடு எந்தக் கம்பெனியில் இருக்கிறது என்று பரிசு கொடுக்கிறார்களாம். தேர்வுக்குழு வியாழக்கிழமை வருகிறதாம்.

"நீதான் ரொம்ப வருஷமா இருக்கிறவ. உன்கிட்டத்தான் முதல்ல கேட்பாங்க. என்னைக் காட்டி, இவங்க யாருன்னு கேட்டா, இருமாத. எங்க அக்கான்னு தெளிவா சொல்லணும்."

"நான் உன்னை அக்கான்னு சொல்லணும்."

"ஒரு வார்த்தைதானே? நீ சொல்லு, உன் வேலைய நான் பார்த்துக்கிறேன். இயந்திரத்துக்குப் பக்கத்துல உனக்கு ஒரு இடம் இருக்கும்."

"சொல்லலன்னா?"

சின்னவள் சுளையில் இருந்த நாரை ஒவ்வொன்றாக எடுத்தாள். "என்னைச் சங்கடத்துல மாட்டாத அக்கா" என்றாள்.

அவள் போன பிறகு புருஷன் பழத்தைத் தொடவில்லை. பெரியவள் கண்ணாடி முன்னால் போய் நின்று, 'எங்க அக்கா' என்று சொல்லிப் பார்த்தாள். வாய் கோணிக்கொண்டது. மறுபடி சொன்னாள். வீட்டு வாடகையை நினைத்துக்கொண்டு சொன்னபோது கொஞ்சம் நேராக வந்தது.

வியாழக்கிழமை குழு வந்தது. மூன்று பேர். தலைவி நரைத்த தலையும் கழுத்தில் தொங்குகிற கண்ணாடியுமாக இருந்தாள். சத்தமில்லாமல் எல்லாவற்றையும் பார்க்கிற ஜாதி. வட்டம்மா தரையில் கால் பாவாமல் ஓடிக்கொண்டிருந்தாள். எல்லோரும் வட்டமாக நின்றார்கள். டிரைவர் பெரியப்பா என்றார், முதலாளி நெளிந்தார். பெயின்ட் பிரிவுப் பெண் புருஷனை அண்ணன் என்றாள். தலைவி பெரியவளிடம் வந்து, வட்டம்மாவைக் காட்டி, "இவங்க யாரும்மா?" என்று கேட்டாள்.

பெரியவள் இருமவில்லை. "எங்க அக்கா" என்றாள். சொன்னதும் தொண்டைக்குள் ஒரு சுருள் கம்பி இறங்கியதுபோல் இருந்தது. வட்டம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தங்கச்சி முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அவள் கல்யாணத்தன்றுகூடப் பெரியவள் பார்த்ததில்லை.

அதோடு விட்டிருக்கலாம். விடுகிற ஆளா? இன்னொன்று வைத்திருந்தாள். சாய்ந்து விழுகிற பயிற்சி. ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, மரம் சாய்கிற மாதிரி மல்லாக்க விழ வேண்டும். பின்னால் நிற்கிற இருவர் தாங்கிக்கொள்வார்கள். குடும்பம் கைவிடாது என்று காட்டுவதற்காம். விழ வேண்டியவள் பெரியவள். ஏனென்றால் நன்றாக அக்கா சொன்னாளே! தாங்க வேண்டியவர்கள் கணக்கரும் ஸ்டோர் மேலாளரும். இருவரும் ஃபேன் ரெக்கையைத் தவிர எதையும் தூக்கிப் பழகாதவர்கள்.

"நம்பி விழு தங்கச்சி, குடும்பம் இருக்கு" என்றாள் வட்டம்மா, எல்லோருக்கும் கேட்கும்படி.

பெரியவள் கண்ணை மூடினாள். கையை மார்பில் கட்டிக்கொண்டாள். சாய்ந்தாள். சரியாக அந்த நேரத்தில் படம் எடுக்கிறவன், "இங்க பாருங்க, கொஞ்சம் சிரிங்க" என்றான். கணக்கரும் ஸ்டோர் மேலாளரும் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள். நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. இடையில் பெரியவள் மூட்டை விழுகிற மாதிரி சிமென்ட் தரையில் விழுந்தாள். தலை மோதிய சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது.

"அக்கா!"

கத்தியது வட்டம்மா. அந்தக் குரலை அந்தக் கம்பெனியில் யாரும் அதுவரை கேட்டதில்லை. ஓடிவந்து தரையில் உட்கார்ந்து தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அக்கா, கண்ணத் தொறக்கா. ஐயோ, என்னப் பாருக்கா. நான் கூப்பிடறது கேக்குதா?" முகத்துப் பூச்செல்லாம் கரைந்து வழிந்தது. சின்ன வயதில் கிணற்றுப் பக்கம் விளையாடும்போது பெரியவள் வழுக்கி விழுந்தால் சின்னவள் அழுவாளே, அதே அழுகை.

ஓய்வறைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். பின்தலையில் எலுமிச்சை அளவு வீக்கம். சின்னவள் ஈரத்துணியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வலிக்கிற தலையோடும் பெரியவளுக்கு நெஞ்சு நிறைந்தது. போனவள் திரும்பி வந்துவிட்டாள் என்று நினைத்தாள்.

"அழாதடி. மண்டை உடையல. நம்ம அப்பா மண்டை இது, லேசுல உடையாது."

"சும்மா இருக்கா நீ. பேசாத."

கதவைத் திறந்துகொண்டு குழுத்தலைவி வந்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. "எத்தனையோ கம்பெனி பார்த்திருக்கேன். ஒரு தொழிலாளி கீழே விழுந்தா, ஒரு அதிகாரி தன்னை மறந்து 'அக்கா'ன்னு கத்துறத நான் எங்கயும் பார்த்ததில்ல. இது சொல்லிக் கொடுத்து வர்றது இல்ல" என்றாள்.

பெரியவள் தங்கச்சி முகத்தையே பார்த்தாள். இப்போது சொல்லிவிடுவாள். இவங்க என் கூடப் பிறந்தவங்க என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சின்னவள் மூக்கை உறிஞ்சினாள். துணியை மேசைமேல் வைத்தாள். கைக்குட்டையால் கண்ணுக்குக் கீழே ஒத்திக்கொண்டு எழுந்து நின்றாள்.

"எங்க குடும்பத்துல எல்லாரும் அப்படித்தான் மேடம்" என்றாள்.

பரிசு கிடைத்தது. மேடையில் ஏறி வட்டம்மா பேசியதைக் கம்பெனியில் பெரிய திரையில் போட்டுக் காட்டினார்கள். ஒரு தலைவி தன் தொழிலாளியை அக்கா என்று அழைக்கும் நாளுக்காகத்தான் இத்தனை காலம் உழைத்தேன் என்றாள். அவள் வாயிலிருந்து தவறி விழுந்த ஒரே ஒரு நிஜத்தையும் துடைத்து எடுத்துத் தன் சாதனைக் கணக்கில் எழுதிக்கொண்டாள். குழாயடியில் அன்றைக்குச் சிரிப்புச் சத்தமே இல்லை. குட்டையம்மா மட்டும் சோப்பைத் தேய்த்துக்கொண்டே, "நடிப்புன்னா இதுல்ல நடிப்பு" என்றாள். அது நடிப்பில்லை என்று தெரிந்தவள் பெரியவள் ஒருத்திதான். அவளால் சொல்லவும் முடியவில்லை.

சிறகு முளைத்தவர்களின் பெயரைச் சொல்வதற்கு முதல் நாள் வட்டம்மா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள்.

"அக்கா, உன் வேலைக்கு இனிமே பயமே இல்ல. உன்னை வைண்டிங்ல இருந்து எடுத்து முன்வாசல்ல உட்கார வைக்கப் போறோம். வர்றவங்களை வாங்கன்னு கூப்பிட்டாப் போதும். உனக்குப் பின்னால நம்ம ரெண்டு பேரு படம் பெருசா மாட்டுறோம். நான் உன்னை மடில போட்டு அழுறது."

"இயந்திரத்துக்குப் பக்கத்துல ஒரு இடம்னு சொன்னியே."

"அதவிட இது எவ்வளவோ மேல். வேலையே கிடையாது."

பெரியவள் சுவரில் இருந்த படங்களைப் பார்த்தாள். அங்கே ஒரு இடம் காலியாக வைத்திருந்தார்கள், ஆணிகூட அடித்தாகிவிட்டது.

"நான் உன்னைப் பொய்யா அக்கான்னு கூப்பிட்டேன். அதுக்கு வேலை குடு, வாங்கிக்கிறேன். பேசின பேச்சு அதுதான். நீ என்னை நெஜமா கூப்பிட்டதுக்கு நான் சம்பளம் வாங்க மாட்டேன்டி."

"உணர்ச்சிவசப்படாத. மாமா காலை நெனச்சுப் பாரு."

"அவரு காலு என் பாடு. இயந்திரத்துக்கிட்ட இடம் இருக்கா, இல்லையா?"

இடம் இல்லை. ஸ்டோர் மேலாளரின் மச்சானுக்கு அது போய்விட்டிருந்தது. ஆளைத் தாங்காமல் விட்டவனின் மச்சானுக்கு.

மறுநாள் பெரியவளும் மற்றவர்களோடு வரிசையில் நின்று பூங்கொத்து வாங்கினாள். வட்டம்மா ஒவ்வொருவர் கையாகக் குலுக்கி வந்தாள். பெரியவளிடம் வந்தபோது கண்ணைப் பார்க்காமல், "போயிட்டு வா தங்கச்சி" என்றாள். பக்கத்தில் முதலாளி நின்றிருந்தார். பெரியவள் பூவை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, "வர்றேன் மேடம்" என்றாள். அந்தச் சொல்லுக்காக அவளை வட்டத்தின் நடுவில் நிறுத்த இனி அவர்களால் முடியாது.

வீட்டுக்குப் போனதும் புருஷன் கேட்டார், "ரோஷத்தை அடுப்புல வச்சா உலை கொதிக்குமா?" கேட்டுவிட்டு அவரே நொண்டிக்கொண்டு போய், பழைய நண்பன் ஒருவனிடம் சொல்லி வைத்தார். பஸ் நிலையத்துக்குப் பின்னால் மோட்டார் பழுது பார்க்கும் கடை அது. எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற வேலை. சம்பளம் பாதிதான். கடைக்காரன் வாயில் நல்ல வார்த்தையே வராது. அவளை அவன் "ஏம்மா" என்று கூப்பிடுகிறான். அவள் அவனை "ஏம்ப்பா" என்கிறாள். இருவருக்கும் அதில் ஒரு குறையும் இல்லை.

சின்னவள் அதற்குப் பிறகு அக்காள் வீட்டுப் பக்கம் வரவில்லை. கடைசி மாமன் இறந்தபோது வந்தாள். அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், எதிரே பெரியவள் இருந்த பக்கம் திரும்பவில்லை. பரிசு வாங்கிய ஆறு மாதத்தில் ஃபேன் கம்பெனியை விட்டுப் போய்விட்டாள். போன வேகத்தில் அங்கே எல்லோரும் மறுபடி சார், மேடம் ஆனார்கள். பெயின்ட் பிரிவுப் பெண்ணுக்குப் புருஷன் புருஷனானான்.

வட்டம்மா இப்போது ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் எச்.ஆர். தலைவியாக இருக்கிறாள். ஆறாவது மாடியில் அறை; சுவரில், அக்காளை மடியில் போட்டு அவள் அழுகிற அந்தப் படம்.